முத்தின் நீரோட்டம்

மஞ்சட்கிழங்கை உடைத்தாலும் உள்ளே மஞ்சள், அரைத்தாலும் மஞ்சள், நீரிற் கரைத்தாலும் மஞ்சள். சாயவேரின் சிவப்பும் அவரியின் நீலமும் அத்தகையனவே. நிறம் பொருளுக்குள்ளே இருக்கிறது. பொருள் செல்லும் இடமெல்லாம் நிறமும் உடன் செல்கிறது. இஃது ஒருவகை நிறம்.

மற்றொரு வகை நிறமும் உலகில் உண்டு. மயிலின் கழுத்திலும் புறாவின் கழுத்திலும், சவர்க்காரக் குமிழியிலும், மழைநீர் தேங்கிய தெருவில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்திலும், சிப்பியின் உட்புறத்திலும் அதனைக் காணலாம். காண்பவர் ஓரடி நகர்ந்தால் நீலம் பச்சையாகிறது. தலையைச் சற்றுச் சாய்த்தாற் பச்சை செம்மையாகிறது. பொருள் அசையவில்லை, எவரும் சாயம் பூசவுமில்லை. ஆயினும் நிறம் ஓடிக்கொண்டே இருக்கிறது. மேலைநாட்டார் இந்நிகழ்ச்சிக்குக் கிரேக்கரின் வானவில் தேவதையாகிய ஐரிசின் பெயரிலிருந்து ஒரு சொல்லை ஆக்கிக் கொண்டனர். 1803ஆம் ஆண்டில் சிமித்சன் தெனன்ற் என்னும் ஆங்கில இரசாயன அறிஞர், தாம் கண்டறிந்த உலோகத்தின் உப்புக்கள் பல நிறங்காட்டியமையால் அதற்கு இரிடியம் என்று பெயரிட்டதும் அத்தேவதையின் நினைவாகவே. தமிழ் நெசவாளர், பாவிற் புறம்பான நிறமும் ஊடையிற் புறம்பான நிறமும் இட்டு நெய்த பட்டை மயிற்கழுத்து என்றனர். மணி வணிகரோ இன்னும் நுட்பமான ஒரு சொல்லை வழங்கினர். மணியின் மேனியில் ஒளி நீர்போல ஓடுவதை அவர்கள் நீரோட்டம் என்றனர்.

இந்நீரோட்டத்திற்காகவே மன்னார்க் கடலில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக மனிதர் மூழ்கினர், அரசுகள் போட்டியிட்டன, வணிகர் கடல் கடந்தனர். அந்நிறம் உண்மையில் யாது என்பதை மனித இனம் அறிந்துகொண்டது மிக அண்மைக் காலத்திலேயே. அறிவு வந்து சேர்ந்த வேளையிற் கடலிலே சிப்பி குன்றிப் போயிருந்தது. முத்தின் வரலாற்றிற் சிந்திக்கத்தக்க செய்தி இதுவேயாம்.

பண்டையோர் முத்தின் நிறத்திற்கு வானத்திலே காரணம் தேடினர். சுவாதி நட்சத்திரத்தில் வீழும் மழைத்துளியைச் சிப்பி வாய்திறந்து ஏற்கின்றது, அத்துளியே முத்தாகின்றது என்பது பாரத நாடெங்கும் வழங்கிய நம்பிக்கை. கி. பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம அறிஞராகிய பிளினியும் ஏறக்குறைய இதனையே எழுதினார். சிப்பி பனித்துளியாற் கருக்கொள்கிறது என்றும், துளி தூயதாயின் முத்தும் ஒளிரும், வானம் கலங்கியிருப்பின் முத்தும் மங்கும் என்றும், முத்துக்குக் கடலைவிட வானத்தோடே உறவு அதிகம் என்றும் அவர் கருதினார். வானவில்லின் சாயலைக் கடலின் அடியிலே கண்ட மனிதர் வேறு எவ்வாறு எண்ணியிருத்தல் கூடும்? விளக்கம் தவறானதே. எனினும் முத்தின் நிறம் சாயத்தால் ஆயதன்று, ஒளியோடு தொடர்புடையது என்னும் உணர்வு அந்தத் தவற்றினுள்ளும் மறைந்து கிடந்தது.

தேவநம்பிய தீசன் காலத்தில் எண்வகை முத்துக்கள் கடலிலிருந்து கரை சேர்ந்தன என்றும், அம்மன்னன் அவற்றை அசோகச் சக்கரவர்த்திக்கு அனுப்பினான் என்றும் மகாவம்சம் கூறுகின்றது. சிலப்பதிகாரத்தில் மதுரை மாநகரின் மணிக்கடை வீதியை வருணிக்குமிடத்து, முத்துக்கள் அவற்றின் நீர்மைக்கேற்பக் கோள்களின் ஒளியோடு ஒப்பிட்டு வகுக்கப்படுகின்றன. வெண்மையும் செம்மையும் முத்திற் பூசிய நிறங்களல்ல, அதன் ஒளியின் சாயல்கள் என்பதைத் தமிழ் வணிகரின் கண் அக்காலத்திலேயே அறிந்திருந்தது.

அவ்வொளியின் விலையை யார் செலுத்தினர் என்பதும் பழைய ஏடுகளில் உண்டு. முதலாம் நூற்றாண்டில் எகிப்து நாட்டுக் கிரேக்க வணிகன் ஒருவன் எழுதிய செங்கடற் செலவு நூல், பாண்டியரின் கொற்கைத் துறையில் முத்தெடுக்கும் வேலை தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு நடத்தப்பட்டதாகக் கூறுகின்றது. அரண்மனையில் அணியாக விளங்கிய பொருள், கடலடியில் ஒருவனுக்குத் தண்டனையாக இருந்தது.

1344ஆம் ஆண்டில் இபின் பதூதா என்னும் மொறொக்கோ நாட்டு யாத்திரிகர் ஆரியச் சக்கரவர்த்தியின் நாட்டை அடைந்தபோது, மன்னன் முன்னிலையில் முத்துக்கள் குவிந்திருக்க, அவனுடைய ஆட்கள் அவற்றைத் தரம் பிரித்துக்கொண்டிருந்ததைக் கண்டு எழுதியுள்ளார். பின்னர் மன்னாரைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், அவர்களை வென்ற ஒல்லாந்தரும், 1796இல் வந்த ஆங்கிலேயரும் அக்கடலின் பார்களை அரசுடைமையாகவே பேணினர். முத்துச் சிப்பி படிந்துள்ள கடலடிப் பாறைத் திட்டுக்கே பார் என்பது பெயர். ஆங்கிலத் தேசாதிபதி பிரடெரிக் நோர்த் முத்துக் குளிப்பை மேற்பார்வை செய்யவென அரிப்பிலே ஒரு மாளிகை கட்டுவித்தார்.

இரு பருவக் காற்றுகளுக்கும் இடையே கடல் அமைதியுறும் மாசி, பங்குனி மாதங்களிலே குளிப்பு நடைபெறும். அரிப்பிலும் சிலாவத்துறையிலும் மறிச்சுக்கட்டியிலும், மனிதர் அதிகம் நடமாடாத மணற்கரையிலே சில கிழமைகளுக்குள் ஒரு பட்டினம் தோன்றிவிடும். கீழக்கரை முஸ்லிம்களும், தமிழகக் கரையினரும், யாழ்ப்பாணத்தாரும், பாரசீகக் குடாவிலிருந்து அராபியரும் வந்து கூடுவர். குளிப்பவர் கயிற்றிற் கட்டிய கல்லில் ஊன்றிக் கடலடிக்கு இறங்கி, ஏறக்குறைய ஒரு நிமிட நேரத்துக்குள் கைக்கு எட்டிய சிப்பிகளை வலைக்கூடையில் நிரப்பி மேலே வருவர். சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட கடற்கட்டி என்னும் மந்திரக்காரருக்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்து வந்தது. மந்திரத்தில் அரசாங்கத்துக்கு நம்பிக்கை இருந்ததோ இல்லையோ, கடற்கட்டி இன்றி எவரும் நீரில் இறங்கார்.

கரைக்கு வந்த சிப்பிகள் கொட்டு எனப்பட்ட வேலியடைப்பினுள் எண்ணப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே மூன்றில் இரு பங்கு அரசாங்கத்துக்கும் ஒரு பங்கு குளித்தவருக்கும் உரியன. ஏலம் எடுத்தவர் சிப்பிகளை நாட்கணக்காக அழுகவிட்டு, ஈ மொய்க்கும் அச்சேற்றைக் கழுவி அரித்து முத்தைப் பிரித்தெடுத்தனர். பிரித்த முத்தை 20 துளையுள்ள பித்தளைப் பெட்டியில் தொடங்கி 1,000 துளையுள்ள பெட்டி வரையிற் படிப்படியாகச் சலித்துப் பருமன் கண்டனர். ஆனால் தரத்தைச் சல்லடையால் அறிய முடியாது. வடிவிலும் நீரோட்டத்திலும் குறைவற்றது ஆணி. அதற்கு அடுத்தது அணதாரி. இவ்வாறு களிப்பு, குறவல் எனத் தொடர்ந்து தூள் வரையில் வகுத்தனர். இவ்வகுப்பு முழுவதும் கண்ணின் வேலை. முத்தைத் துணியிற் கிடத்தி, ஒளி விழும் பக்கம் பார்த்து, மெல்ல உருட்டி, நிறம் எவ்வாறு ஓடுகின்றது என்று கண்டே விலை கூறினர்.

ஆயின், அந்த நிறத்தைப் பிரித்தெடுக்க முயன்றவர் எவரும் வெற்றி பெற்றாரில்லை. சித்த வைத்தியர் முத்தைப் புடமிட்டு முத்துப் பற்பம் செய்தனர், கிடைத்தது வெண்பொடியே. செல்வர் சிறு முத்துக்களைச் சுட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பாக்கினர், அதுவும் வெண்மையே. வானவில் எங்கே போயிற்று? இக்கேள்விக்கு விடை காணும் முயற்சி ஐரோப்பாவிலே பதினேழாம் நூற்றாண்டிலே தொடங்கிற்று.

1665ஆம் ஆண்டில் றோபேட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் நுணுக்குக்காட்டியின் மூலம் மயிலிறகை ஆராய்ந்தார். இறகை நீரில் நனைத்ததும் அதன் நிறங்கள் அழிந்தமை அவரை வியப்பில் ஆழ்த்தியது. சாயமாயின் நனைவதால் மறையாது. எனவே அந்நிறங்கள் இறகின் நுண்ணிய தகடுகளில் ஒளி தெறிப்பதாலும் முறிவதாலும் உண்டாகின்றன என்று அவர் முடிவு செய்தார். 1704இல் வெளிவந்த தமது ஒளியியல் நூலிலே நியூற்றன், சவர்க்காரக் குமிழியின் படலம் மெலிய மெலிய நிறங்கள் ஒழுங்காக மாறுவதை அளந்து காட்டி, மயிற்றோகையின் நிறமும் மெல்லிய தகடுகளின் விளைவே என்றார்.

மெல்லிய படலம் ஏன் நிறங்காட்டவேண்டும் என்பதற்கு 1801இலே தோமஸ் யங் காரணம் கூறினார். ஒளி அலைவடிவானது. படலத்தின் மேற்பரப்பில் ஓர் அலை தெறிக்கின்றது. அடிப்பரப்பிலே மற்றோர் அலை தெறிக்கின்றது. பின்னது சிறிது கூடுதலான தூரம் சென்று மீளுகின்றது. முகட்டோடு முகடு சேர்ந்தால் அந்நிறம் வலுப்பெறும். முகட்டோடு பள்ளம் சேர்ந்தால் அந்நிறம் அழியும். செந்நிற அலையின் நீளம் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரின் பதினாயிரத்தில் ஏழு பங்கு. ஊதா அலையினது நான்கு பங்கு. ஆகவே படலத்தின் கனத்திற்கும் பார்க்கும் கோணத்திற்கும் ஏற்ப ஒரு நிறம் எழும், மற்றொன்று மறையும். காண்பவர் நகர்ந்தால் அலை செல்லும் தூரம் மாறும், நிறமும் மாறும். மாறும் நிறத்தின் பின்னால் மாறாத ஒரு கணக்கு இருப்பது இவ்வாறு வெளியாயிற்று.

முத்துச்சிப்பியின் முறை 1814இலே வந்தது. டேவிட் புரூஸ்டர் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் சிப்பித் துண்டொன்றை அளவுகருவியிற் பொருத்துவதற்கு மெழுகுக் கலவையொன்றைப் பயன்படுத்தினார். துண்டை எடுத்தபின், மெழுகிலும் சிப்பியின் நிறங்கள் மிளிரக் கண்டார். மெழுகுக்குச் சிப்பியிலிருந்து எப்பொருளும் ஒட்டி வரவில்லை. சிப்பியின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய வரிகளின் அச்சு மட்டுமே பதிந்திருந்தது. கருமெழுகிலும் பிசினிலும் உலோகக் கலவையிலுங்கூட அவ்வாறே நிறம் பதிந்தது. வடிவத்தைப் பிறிதொரு பொருளுக்கு மாற்றினால் நிறமும் உடன் மாறிச் செல்லுமாயின், அந்நிறம் பொருளன்று, அமைப்பே என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. 1822இல் ஜோன் பாட்டன் என்பவர் உருக்கில் வைரமுனையால் அங்குலத்துக்கு ஆயிரக்கணக்கான கோடுகளைக் கீறி, சாயமின்றியே வானவில் வீசும் பொத்தான்களைச் செய்து உரிமை பெற்றார்.

ஆயினும் மெழுகுக்கு மாறாத சில நிறங்களும் சிப்பியில் உள்ளன என்பதைப் புரூஸ்டரே குறித்திருந்தார். அவை மேற்பரப்பிற் பிறப்பனவல்ல. உள்ளே அடுக்கடுக்காக அமைந்த தகடுகளிற் பிறப்பன. ஒழுங்காக அடுக்கிய பல தகடுகளில் ஒளி தெறிக்கும் கணக்கை 1917இல் இராலே பிரபு வகுத்தார். திருச்சிராப்பள்ளியிற் பிறந்து 1930ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பெற்ற சேர் சி. வி. இராமன், பெங்களூரிலே தமது ஆராய்ச்சியை நடத்திய காலத்தில் வானவில் நிறங்காட்டும் சிப்பிகளைப் பற்றித் தொடர் கட்டுரைகள் வெளியிட்டார். 1954இலும் தம் மாணவரோடு சேர்ந்து சிப்பியையும் முத்தையும் மீண்டும் ஆராய்ந்தார். உலகப் புகழ் பெற்ற பின்னரும் ஒரு சிப்பியைக் கையில் ஏந்தி ஒளியிற் சாய்த்துப் பார்ப்பதைச் சிறிய வேலையாக அவர் கருதவில்லை.

இவ்வாராய்ச்சிகளால் அறியப்பட்ட உண்மை வியக்கத்தக்கது. முத்தின் நூற்றுக்கு ஏறக்குறைய தொண்ணூற்றைந்து பங்கு சுண்ணாம்புச் சத்தே. யாழ்ப்பாணத்துக் கிணறு தோண்டுவோர் உடைத்தெறியும் கல்லில் உள்ளதும் அதுவே. எஞ்சியது சிப்பி சுரக்கும் மெல்லிய புரதப் பசை. ஒரு மில்லிமீற்றரின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு கனமுள்ள தகடுகளை அச்சிறு பிராணி ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பி, இடையிடையே பசையிட்டு அடுக்குகின்றது. எழுதும் தாள் ஒன்றின் கனத்துக்குள் இருநூறு அடுக்குகள் வரை அமையும். அத்தகட்டின் கனம் ஒளியலையின் நீளத்தோடு ஒத்திருப்பதனாலேயே முத்திலே நீரோட்டம் பிறக்கின்றது. அரைத்தால் அடுக்குக் குலைகின்றது, அடுக்குக் குலைந்தால் வானவில் போய்விடுகின்றது, எஞ்சுவது சுண்ணாம்பு. வைத்தியரின் கல்வத்தில் வானவில் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு விடை இதுவே.

ஒரு நல்ல முத்து என்பது ஒரு சிப்பியின் பல ஆண்டு உழைப்பு. மன்னார்க் கடலின் சிப்பி நான்கு முதல் ஆறு ஆண்டு வளர்ந்த பின்னரே குளிப்புக்கு ஏற்றதாகும். ஆனாற் பார்களை ஆண்டவர்கள் அவற்றைப் பெரும்பாலும் பணம் நிறைந்த பெட்டியாகவே பார்த்தனர். கடல் அவர்களுக்குப் பலமுறை எச்சரிக்கை செய்தது. 1768 முதல் 1796 வரையிற் குளிப்பே நடைபெறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நெடிய இடைவெளிகள் நேர்ந்தன. 1902இல் பேராசிரியர் ஹேட்மன் இலங்கைக்கு அழைக்கப்பட்டார். அவரும் ஹோர்ணல் என்பவரும் பார்களை ஆராய்ந்து, நகரும் மணலும் நெருக்கமும் சிப்பியைத் தின்னும் மீன்களும் இளஞ்சிப்பிகளை அழிப்பதையும், அவற்றைத் தக்க இடத்துக்கு மாற்றிப் பேணவேண்டியதையும் விளக்கினர். அவர்களுடைய அறிக்கை ஐந்து பகுதிகளாக வெளிவந்தது.

அறிக்கை அச்சாகிக்கொண்டிருந்த வேளையிலேயே பெருங்குளிப்பும் நடந்தது. 1905ஆம் ஆண்டில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரையேற்றப்பட்டன. அரசாங்கத்துக்கு ஏறக்குறைய 25 இலட்சம் ரூபா வருமானம் கிடைத்தது. அவ்வளவு வருமானத்தைக் கண்டதும் பேராசை பிறந்தது. 1906இலே பார்கள் ஓர் ஆங்கிலக் கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. அவ்வாண்டுக் குளிப்பிலே மறிச்சுக்கட்டியில் இளம் உத்தியோகத்தராகக் கடமையாற்றிய லெனாட் வுல்வ், பிற்காலத்தில் எழுத்தாளராகிப் புகழ்பெற்று, 1961இல் வெளியிட்ட தம் வாழ்க்கை நூலில் அக்கரையின் கூட்டத்தையும் நாற்றத்தையும் நினைவுகூர்ந்துள்ளார். 1907உடன் கம்பனியின் நல்ல காலம் முடிந்தது. 1903 முதல் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் முதிர்ந்த சிப்பிகள் அள்ளப்பட்டன. அவற்றின் இடத்தை நிரப்ப இளஞ்சிப்பிகள் நிலைபெறவில்லை. பல்லாண்டுகளுக்குப் பார்கள் வெறுமையாயின. கம்பனியும் குத்தகைக் காலம் முடியுமுன்பே கலைந்து போயிற்று.

இதற்கிடையில் யப்பான் நாட்டிலே மிக்கிமோட்டோ என்பவர் 1893இல் சிப்பியினுள் ஒரு சிறு மணியை வைத்து அரைமுத்தை வளர்த்தெடுத்திருந்தார். பின்னர் முழுமுத்தும் அவ்வாறே வளர்க்கப்பட்டது. 1920ஆம் ஆண்டுகளில் அம்முத்துச் சந்தையை நிறைத்தபோது, கடல்முத்தின் பழைய விலையும் வீழ்ந்தது. அங்கும் மனிதன் வைத்தது உள்ளிருக்கும் மணியை மட்டுமே. அதன்மேல் அடுக்குகளை இடுவது சிப்பியின் வேலையாகவே இருந்தது. அது முடியும்வரை வளர்த்தவர் காத்திருக்க வேண்டியிருந்தது. மன்னாரிலே குத்தகைக்காரர் கற்காத பொறுமையை யப்பானியர் கற்றுக்கொண்டனர் என்றே சொல்லவேண்டும்.

நிலையில்லாத நிறத்தைப் பொய்ந்நிறம் என்றும், மினுக்கம் என்றும் இகழ்வது உலக வழக்கு. முத்தின் வரலாறு அவ்வழக்கைத் திருத்துகின்றது. அதே கோணத்திலிருந்து பார்ப்பவருக்கு முத்து அதே நிறத்தையே காட்டும். அது எவரையும் ஏமாற்றுவதில்லை. ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் மடிந்த கடற்பிராணிகளின் ஓடுகள் கனடா நாட்டுப் பாறைகளில் இன்றும் வானவில் நிறங்காட்டுகின்றன. அடுக்கு நிலைத்தமையால் நிறமும் நிலைத்தது. ஆனால் அடுக்கு ஒருமுறை குலைந்தால் எந்தச் சாயத்தாலும் அதனை மீட்க இயலாது. முத்துக்கு மட்டுமன்றி அதனை ஈன்ற பாருக்கும் இது பொருந்தும். முதிர்ந்த சிப்பியும் இளஞ்சிப்பியும், பாறையும் நீரோட்டமும், மனிதனின் தேவையும் அவனுடைய அடக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்குற்றிருந்த காலத்திலேயே மன்னார்க் கடல் முத்தை ஈந்தது.

நோர்த் தேசாதிபதியின் மாளிகை இன்று அரிப்புக் கரையில் இடிந்து நிற்கின்றது. கடல் அதன் அடியை அரித்துக்கொண்டிருக்கின்றது. முத்து வருமானத்தை எண்ணிக் கட்டப்பட்ட அக்கட்டடத்தைக் காணச் செல்லும் மாணவர்கள், முத்தெடுத்தவரின் துணிவையும், தரங்கண்டவரின் கூர்மையையும், அவற்றை அளவின்றிப் பயன்படுத்திய ஆட்சியையும் சேர்த்தே எண்ணிப் பார்ப்பது நன்று. இலங்கையைச் சூழ்ந்த கடலிலே இன்று மீனும் அட்டையும் இறாலும் தேடி இறங்குவோர்க்கும், அவர்களுக்கு விதி வகுப்போர்க்கும், வெறுமையான அந்த முத்துப் பார்கள் கூறும் பாடம் உரியதேயாகும்.